காப்புக் கட்டிய அம்மைக்குத்துக்காரர்

அர்த்தநாரியைப் போன்ற பயந்தாங்கொள்ளியை எங்கள் ஊஞ்சப்பாளையம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "இருந்துட்டுப் போறேனுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். கட்டிப்போட்ட நாயைக் கண்டாலும் ஒதுங்கித்தான் நடப்பார். தபால் வந்தால் பயம், வராமல் போனால் அதைவிடப் பயம். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த உத்தியோகம் ஊர் ஊராகப் போய், பெரியம்மை வராமலிருக்கப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது. அவர் தலை தெரிந்ததுமே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒளிவார்கள். "நீங்க அவங்களுக்குப் பயந்துக்கறீங்க, அவங்க உங்களுக்குப் பயந்துக்கறாங்க, கணக்கு நேராப் போச்சுங்க" என்று நாங்கள் கேலி செய்வோம்.

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்தால் எங்கள் ஊர். அர்த்தநாரிக்கு உழுகிற காடு கொஞ்சம்தான். அதையும் அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் நாமக்கல்லில் எட்டாவது வரை படித்து, சேலத்தில் பயிற்சி எடுத்து, ஜில்லா போர்டு வேலைக்குப் போனார். வேலையில் மட்டும் அவர் கை நடுங்காது. கண்ணாடிக் குழாயை உடைத்து அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தை ஒரு சொட்டு தோலில் விட்டு, பல் வைத்த சின்னச் சக்கர ஊசியை அதன்மேல் வைத்து ஒரு திருகு திருகுவார். பிள்ளை அழ வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பழக்க தோஷத்தில் யாரைக் கண்டாலும் முதலில் கையிலுள்ள அம்மைத் தழும்பைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்.

அந்தக் கை நடுங்கிய ஒரே இடம் அவருடைய வீடு. அதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முதலில் ஒரு மகன் பிறந்தான், மணியன் என்று பெயர். மற்றவர்கள் பிள்ளைக்கெல்லாம் குத்துகிறவர் தன் பிள்ளைக்குக் குத்தாமல் இருப்பாரா? தன் கையாலேயே குத்தினார். பாலும் நன்றாகப் பிடித்து, கொப்புளம் எழும்பி, பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்வதற்குள் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. இறங்கவேயில்லை. அந்த மாதம் ஊரில் ஒரு விஷக்காய்ச்சல் இருந்தது உண்மை. ஊசியையே பார்க்காத கிழவர் ஒருவரும் அதில்தான் போனார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதெல்லாம் காதில் ஏறுமா? அவர் மனைவி வள்ளியாத்தாள் எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இன்னொருக்கா இந்த ஊசி என்ற புள்ள மேல பட்டுதுன்னா, அன்னிக்கு என்னையக் கெணத்துலதான் தேடோணும்."

அதற்குப் பிறகு சின்னாயி பிறந்தாள். ஐந்து வயது ஆகிவிட்டது. அவள் கையில் தழும்பு இல்லை. அம்மைக்குத்துக்காரர் மகளுக்கு அம்மை குத்தவில்லை என்பது ஊருக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரியாது. அர்த்தநாரி மனைவியை ஒரு வார்த்தை வற்புறுத்தியதில்லை. மணியன் ஊசியால் போனானா, காய்ச்சலால் போனானா என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பயிற்சியில் படித்தது ஒன்று சொன்னது, தூக்கம் வராத நேரத்தில் மனசு வேறொன்று சொன்னது. ஒவ்வொரு பங்குனியும் அம்மைக் காலம் வரும்போது அவர் மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், அப்படி ஒரு பங்குனியில்தான் இது நடந்தது. ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டு, வீட்டுக்கு ஓர் ஆண் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் எங்கள் பக்கத்தில் சட்டம் கடுமை. வீட்டில் தாளிக்கக் கூடாது. மாமிசம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புக் கட்டியவன் பகலில் எங்கே போனாலும் இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எல்லை தாண்டித் தங்கினால் மாரியாத்தா கோபிப்பாள். கோபித்தால் அவள் அம்மையாக வந்து கை வைப்பது தங்கினவன் மேல் அல்ல, அவன் வீட்டுக் குழந்தை மேல். இதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள், எல்லாக் கதையும் சுடுகாட்டில்தான் முடியும்.

அர்த்தநாரி கையில் மஞ்சள் காப்பு ஏறிய மறுநாள் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. ஜில்லாவிலுள்ள அம்மைக்குத்துக்காரர்கள் எல்லோரும் சேலத்தில் ஒருநாள் மாநாட்டுக்கு வரவேண்டும், சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், வராதவர்கள் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. போகாவிட்டால் வேலைக்கு ஆபத்து. போய்த் திரும்ப முடியாவிட்டால் மகளுக்கு ஆபத்து. அம்மை எப்படித் தொற்றுகிறது என்பதைச் சேலத்தில் படித்தவர், ஆத்தா எப்படி வருவாள் என்பதை ஊரில் படித்தவர். இரண்டையும் ஒரே மாதிரி நம்பினார்.

"காலைல மொத பஸ்ஸுக்குப் போயிட்டு, மத்தியானமே கிளம்பீர்றேன் புள்ள" என்றார் மனைவியிடம்.

"பொழுது எறங்கறதுக்குள்ள எல்லைக்கல்லத் தாண்டி வந்துருங்க. நாங் கல்லுகிட்டயே நிக்கறேன்" என்றாள் வள்ளியாத்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

மாநாட்டுக்கென்று அண்ணனிடம் ஒரு ஜோடிச் செருப்பு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அது புதுச்சத்திரம் போவதற்குள்ளாகவே இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. நொண்டிக்கொண்டே சேலத்தில் இறங்கி, கூட்டம் நடந்த பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துப் போனால், பெரிய அதிகாரியின் ரயில் வரவில்லை என்றார்கள். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். அர்த்தநாரி ஜன்னல் வழியாக நிழலைப் பார்த்தார். அது அவர் கண்ணெதிரே குறுகிக்கொண்டே வந்தது.

பக்கத்தில் சவரியார் என்று சேலம் டவுனில் வேலை பார்க்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பயிற்சிக் காலத்துச் சிநேகிதர், கலகலப்பான ஆள். "ஏன் அண்ணே, கல்யாண ஊட்டை விட்டு ஓடி வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். இவர் கோட்டுக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். காப்புக் கயிறு வெளியே தெரிந்தால் அதிகாரி என்ன நினைப்பாரோ என்று அது வேறு பயம்.

அதிகாரி வந்தார், பேசினார். சேலம் நகரத்தில் இரண்டு மூன்று தெருக்களில் அம்மை கண்டிருக்கிறது, நெசவுக் கூடங்களில் வேலை செய்பவர்கள் சொந்த ஊருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எங்கே கண்டாலும் உடனே தகவல் கொடுங்கள் என்றார். கடைசியில் மேஜையைத் தட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் குத்தியாகிவிட்டதா? குத்தியவர்கள் கை தூக்குங்கள்."

கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. அர்த்தநாரியும் தூக்கினார். தூக்காமல் தனியாக மாட்டிக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. தூக்கிய வேகத்தில் கோட்டுக் கை சரிந்து மஞ்சள் காப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். "அது என்ன?" என்றார்.

"நோம்பிக் காப்புங்க" என்றார் அர்த்தநாரி.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு, "கட்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குக் குத்திவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார். அர்த்தநாரி தலையை ஆட்டினார். தூக்கின கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

உட்கார்ந்ததும் சவரியார் காதோடு, "எனக்கு ஆறு பிள்ளைங்க அண்ணே. கோயில்ல ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட ஒவ்வொண்ணுக்கும் பால் வச்சிடுவேன். உங்களுக்கு எத்தனை?" என்றார்.

"ஒண்ணு" என்றார் அர்த்தநாரி. அதற்கு மேல் சவரியார் கேட்கவில்லை. இவர் முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டாரோ என்னவோ.

சாப்பாடு முடிந்ததும் நழுவிவிடலாம் என்று பார்த்தால், போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். உயரம் குறைந்தவர் என்று இவரைப் பிடித்து முன்வரிசையில் அதிகாரியின் காலடியில் தரையில் உட்காரவைத்துவிட்டார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார், வெளியே எடுப்பார், மேகம் விலகட்டும் என்பார். பின்வரிசையில் யாரோ தும்மினார்கள், மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். நடுவில் ஒரு மனிதர் மட்டும் தூக்கில் போட அழைத்துவந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஆளுக்குக் கொஞ்சம் புது அம்மைப்பால் கொடுத்தார்கள். வெயில் பட்டால் கெட்டுப்போகிற சரக்கு. அர்த்தநாரி கையோடு கொண்டுவந்திருந்த மண்கலயத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, குழாய்கள் இருந்த தகரச் சிமிழை அதில் முழுக வைத்தார். கடைவீதியில் சின்னாயிக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தோள் துண்டின் முனையில் முடிந்துகொண்டார். பஸ் நிலையத்துக்கு நொண்டியபடி ஓடி வந்தபோது மத்தியான பஸ் போயிருந்தது.

அடுத்தது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத நாள் அது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்பு அடுப்பைக் கட்டி, கரியைக் கொட்டி மூட்டம் போட்டு, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். சமதரையில் முனகிக்கொண்டு போகும். மேடு வந்தால் நின்றுவிடும். ஜனங்கள் இறங்கி நடக்க வேண்டும், ஆண்கள் தள்ள வேண்டும். மல்லூரைத் தாண்டியதும் அப்படி நின்றது.

எல்லோரும் இறங்கும்போது, பின்சீட்டில் இருந்த ஒரு பெண் அர்த்தநாரியைக் கூப்பிட்டாள். சின்ன வயது, கையில் சேலைத் துணியால் முழுக்கச் சுற்றிய குழந்தை. "ஏனுங்ணா, சித்தெ இவனப் புடிச்சுக்குங்க. கையி மரத்துப் போச்சு, எறங்க முடியல" என்றாள். அவர் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். குழந்தையின் தலை அவர் துண்டின் மேல் கிடந்தது. அடுப்பில் வைத்த ஓடு மாதிரி உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு மேட்டில் நடந்தார். பாதி மேட்டில் துணி விலகி ஒரு கை வெளியே வந்தது.

உள்ளங்கை முழுக்கத் தோலுக்கடியில் கடுகு விதைத்தது போலக் கெட்டியாக மணிமணியாக இருந்தது. அந்த மாதிரி உள்ளங்கையில் வருவது ஒன்றே ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். துணிக்குள்ளிருந்து வேப்பிலை வாசம் வந்தது, அதற்கு அடியில் இன்னொரு வாசம். கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தி, "சொல்லிப்போடாதீங்க சாமி. ரோட்டுலயே எறக்கி உட்ருவாங்க. எங்கூட்டுக்காரர் தறிக்குப் போற எடத்துல ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மா ஊட்டுக்குத்தான் போறேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, அழுது முடித்த கண்.

அர்த்தநாரிக்கு அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. காலையில்தான் கேட்ட பேச்சு, கண்டால் உடனே சொல்லுங்கள் என்று. சொன்னால் பஸ் அங்கேயே நிற்கும். சேலத்திலிருந்து ஆள் வரும்வரை யாரையும் விடமாட்டார்கள். பொழுது இறங்கிவிடும். காப்புக் கட்டிய கையோடு எல்லைக்கு வெளியே ராத்திரி. அவருக்குச் சின்னாயி முகம் தெரிந்தது. சொல்லவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று எளிதாகப் பேசிவிடலாம், என் மகள் ஒன்றும் எல்லைக்கல் அருகே காத்திருக்கவில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். அவள் ஊர் எது, தாய் வீடு எந்தத் தெரு என்று கேட்டு மனதில் வைத்துக்கொண்டார். பஸ் ஏறியதும் அவளைக் கடைசி மூலையில் உட்காரவைத்து, அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் தான் உட்கார்ந்துகொண்டார். பிறகு முன்னால் இருந்த ஒவ்வொருவர் கையையும் எட்டி எட்டிப் பார்த்தார். சிலர் கையில் தழும்பு தெரிந்தது. முழுக்கைச் சட்டை போட்டவர்களுக்குத் தழும்பு உண்டா இல்லையா என்றுதான் தெரியவில்லை.

ஆண்டகளூர் பக்கம் வந்தபோது பஸ்ஸின் முகத்திலிருந்து ஆவி பீறிட்டது. கிளீனர் உள்ளே வந்து, "யாருகிட்டயாச்சும் தண்ணி இருக்குதா?" என்று கேட்டான். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அர்த்தநாரியின் காலடியில் இருந்த கலயத்தை எடுத்து, தகரச் சிமிழை அவர் மடியில் போட்டுவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சிமிழ் மடியிலேயே வெயிலில் காய்ந்தது. வேட்டி முனையை அதன்மேல் போட்டு மூடினார். வேட்டியே சுட்டது.

புதுச்சத்திரத்தில் இறங்கியபோது சூரியன் பனைமரத் தலைக்கு வந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், பாதி தூரம் ஓடினார். ஊர்ப் பக்கமிருந்து பம்பை மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே யோசித்தார். எல்லைக்கு வெளியே ஒரு கிணறு இருந்தது. அங்கே இறங்கித் துணியோடு முழுகிவிட்டுப் போனால் தொற்று போகும். ஆனால் முழுகி எழுவதற்குள் இருட்டிவிடும். முதலில் எல்லைக்குள் கால் வைத்துவிடுவோம், அப்புறம் நம் காட்டுக் கிணற்றில் முழுகிக்கொள்வோம், யாரையும் கிட்டே விடாமல் இருந்தால் போகிறது என்று முடிவு செய்தார். துண்டையாவது அங்கேயே வீசியிருக்கலாம். அது தோன்றவில்லை. பயம் அதிகமானால் மனிதனுக்குப் புத்தி ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

வெளிச்சம் போவதற்குள் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டார். ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு தப்பவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னாயி அப்பாவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"வராத சாமி, வராத. புள்ளயப் புடி, புடி" என்று கத்தினார். அவர் கத்தி அந்தப் பிள்ளை கேட்டதே இல்லை, விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். நேராக வந்து காலைக் கட்டிக்கொண்டு, துண்டை இழுத்து, முடிச்சிலிருந்த மிட்டாயைத் தேடி முகத்தை அதற்குள் புதைத்தாள்.

அர்த்தநாரி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வள்ளியாத்தாள் பதறிப்போய்க் கிட்டே வந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. கரி பஸ், குழந்தை, உள்ளங்கை, துண்டு எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் பொய்யாகக் கை தூக்கியதையும் சொன்னார். அவள் மகளின் வாயிலிருந்து மிட்டாயைப் பிடுங்கி எறிந்தாள். பிள்ளை வீறிட்டது. மூவரும் காட்டுக் கிணற்றடிக்குப் போனார்கள். அவர் துணியோடு முழுகினார், துண்டைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார், அவள் பிள்ளையைத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் வார்த்தாள். தோல் சிவந்துபோகும்வரை தேய்த்தாள்.

வீட்டில் விளக்கேற்றியதும் அவளே ஆரம்பித்தாள். "இப்ப என்ன பண்றதுங்க?"

"குத்தோணும்."

"குத்துலீன்னா?"

"வந்தாலும் வரும், வராட்டியும் போவும். வந்துதுன்னா..."

"குத்துனா வராதுங்களா?"

"நோவு உள்ள வேர் புடிக்கறதுக்குள்ள பால் புடிச்சுதுன்னா வராது. ஆனா இந்தப் பாலு வெயில்ல கெடந்துது. செத்துப் போயிருந்தா நாங் குத்தியும் பிரயோசனமில்ல. புதுசு இனி மெட்ராஸுல இருந்து வரோணும்." கையிலிருந்த காப்பைப் பார்த்துவிட்டு, "காப்புக் கட்டியிருக்குது. நோம்பிக்குள்ள இரும்பு பட்டு ரத்தம் வந்தா ஆத்தா என்ன நெனைப்பாளோ. நீ அன்னிக்குச் சொன்ன வார்த்தை வேற. எனக்கு எல்லாத்துக்கும் பயமா இருக்குது வள்ளி" என்றார்.

கோயிலில் பம்பை நின்று நின்று அடித்துக்கொண்டிருந்தது. வள்ளியாத்தாள் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது பெண்களுக்கு அன்றாட வழக்கம்தான். அன்றைக்கு அவள் நின்று என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது. ஈரச்சேலையோடு திரும்பி வந்து பிள்ளையை மடியில் போட்டு, அதன் இடது கையை நீட்டிப் பிடித்தாள்.

"ஆத்தாகிட்ட நாஞ் சொல்லிக்கிட்டேன். குத்துங்க" என்றாள்.

ஊசியை விளக்கில் காட்டி எடுத்தார். குழாயை உடைத்துப் பாலை விட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஊசி தோலின் மேல் ஆடியது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்த கை, தன் மகள் கையில் ஒரு புள்ளியில் நிற்க மாட்டேன் என்றது. வள்ளியாத்தாள் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் மணிக்கட்டை, காப்போடு சேர்த்து, இறுக்கிப் பிடித்தாள். ஊசி நின்றது. மூன்று இடத்தில் திருகினார். சின்னாயி அழுது, அழுத களைப்பில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் அவர் நாமக்கல்லுக்குப் போய் ஹெல்த் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பயந்துட்டேனுங்க" என்றார். இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் திட்டத் தோன்றவில்லையாம். அந்தப் பெண்ணின் ஊருக்கு இரண்டு பேரும் போனார்கள். குழந்தை ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடந்தது. அர்த்தநாரி அந்தத் தெரு முழுக்க வீடு வீடாக ஏறி, ஒளிந்த பிள்ளைகளையும் தேடிப் பிடித்துக் குத்தினார். இருக்கிற பால் அதுதான், கெட்டதா நல்லதா என்று தெரியாமலேதான் குத்தினார். பொழுதோடு எல்லைக்குள் வந்து சேர்ந்தார். நாள் தவறாமல் இப்படிப் போய் வந்தார். நோம்பி முடிவதற்குள் அந்தக் குழந்தை இறந்துபோனது.

அந்தச் செய்தியை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் வள்ளியாத்தாள் கேட்டாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கேள்வியை விட்டுவிட்டாள். சின்னாயியின் கையில் திருகிய இடங்கள் மூன்றும் காய்ந்து வெறும் கீறலாகக் கிடந்தன. எழும்ப வேண்டிய இடத்தில் ஒன்றும் எழும்பவில்லை. பால் செத்துவிட்டது என்று அர்த்தநாரி உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டார். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுந்து, விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பிள்ளையின் நெற்றியைத் தொட்டார்கள், கையைப் பார்த்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று பயம், கொப்புளம் இல்லையே என்று பயம். இரண்டும் இல்லாத பிள்ளை காலை நீட்டித் தூங்கியது.

நோம்பி முடிந்து, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டு, காப்பையும் அவிழ்த்த மறுநாள் காலை, வள்ளியாத்தாள்தான் முதலில் பார்த்தாள். சத்தம் போடவில்லை. மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் வந்து, "வந்து பாருங்க" என்றாள். மூன்றில் ஒன்று பிடித்திருந்தது. ஓரம் சிவந்து, நடுவில் குழி விழுந்து, சின்னக் கொப்புளம் ஒன்று எழும்பி நின்றது. படித்த புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரியே இருந்தது என்றார் என்னிடம்.

"ஒண்ணு போதுங்களா?" என்று கேட்டாள்.

"போதும். பொழச்சுக்கிட்டா."

அவள் பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கொப்புளத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மணியனுக்கும் இதே மாதிரிதானுங்க வந்துது?" என்றாள்.

அந்தப் பெயரை அந்த வீட்டில் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன. அர்த்தநாரி திடுக்கிட்டுப் போனார். வழக்கமான பயத்தோடு, "ஆமா. இதே மாதிரிதான். அவனுக்கு நல்லாத்தான் புடிச்சுது. அதுனாலதான்னு எனக்கு... எனக்குத் தெரியல புள்ள" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "அவன் போனது காச்சல்லதான். அப்பவே தெரியும். ஆத்தாளத் திட்ட முடியுங்களா? இன்னொரு புள்ளயக் குடுக்கோணுமே அவ. அதான் உங்களத் திட்டுனேன். நீங்க பதிலு பேச மாட்டீங்கன்னு தெரியும்."

அர்த்தநாரி அப்போதும் பதில் பேசவில்லை. மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து, மகன் இறந்த அன்றைக்கு அழாத அழுகையை அழுதார்.